பாரத்தை ஆண்டவன்மேல் போடலாமா?

நல்ல காலத்தில் கடவுளை மறந்தாலும் மறக்கலாம், கெட்ட காலத்தில் மறக்கவே கூடாது என்று நம் ஜனங்களுக்குப் பிறந்தது முதல் சொல்லிக்கொடுக்கப்பட்டு வருகின்றது. வேலை போய்விட்டதா, பாரத்தை ஆண்டவன்மேல் போடு. வெள்ளம் வந்துவிட்டதா, ஆண்டவன்மேல் போடு. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதா, அதையும் அவன்மேலேயே போடு என்கிறார்கள். இப்படிப் போடப்பட்ட பாரத்தையெல்லாம் அந்த ஆண்டவன் உண்மையிலேயே சுமந்திருப்பானானால் நாம் இந்த வியாசம் எழுத வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது. பாரம் போட்டவன் தலையிலேயே இருக்கின்றது. போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டதனால் அதை இறக்குவதற்குள்ள வழியைத் தேடாமல் இருந்துவிடுகிறான் என்பதுதான் நாம் காணும் பலன்.

இதை நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதற்குப் பக்கத்திலுமாகத் தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களையே எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்துக் கோயிலும், மசூதியும், மாதா கோயிலும் ஒரே வீதியில் இருக்கிற ஊர்கள் இவை. ஆகையால் ஒரு மதத்தைச் சொல்லி மற்றொன்றை விட்டோம் என்கிற பழியும் நமக்கு வராது.

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி முதல் அமெரிக்க அரசாங்கம் பெரும்பாலான இந்தியச் சரக்குகளின் மீதிருந்த வரியை 50 சதவீதமாக்கியது. வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்களின் அடுப்பு வரை வந்துவிட்டது. ஆர்டர் நின்றது, ஆர்டர் குறைந்தது என்கிற பேச்சே எங்கும் பேச்சாயிற்று. அந்தச் சமயத்தில் அப்பர் தைக்கும் பகுதியில் 11 வருஷமாக வேலை செய்துவரும் ஒரு தோழியரை நாம் ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் சந்தித்தோம். "வேலை நின்றுபோனால் என்ன செய்வதாக உத்தேசம் அம்மா?" என்று கேட்டோம். "என்ன பண்றதுண்ணா? ஆண்டவர் பார்த்துக்குவார். இந்த மாசம் மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கேன்" என்றார். "ஆட்குறைப்பு செய்தால் உங்களுக்குச் சட்டப்படி என்ன சேரவேண்டும் என்று தெரியுமா?" என்று கேட்டோம். "அதெல்லாம் நமக்கு யாருண்ணா சொல்றாங்க?" என்றார்.

தோழர்களே! இந்த ஒரு பதிலில் முழு விஷயமும் அடங்கியிருக்கின்றது. உபவாசம் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, முடிக்கும்போது என்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குப் பிழையில்லாமல் தெரிந்திருக்கின்றது. ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் அவர் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்கிற சட்டம் மட்டும் தெரியவில்லை. 11 வருஷத்துக்கு 165 நாள் சம்பளம். இது தவிர, 5 வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் கிராஜுட்டி என்று வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வேறு உண்டு. பிராவிடண்டு பண்டும் உண்டு. வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளிக்குச் சில நிபந்தனைகளின்மேல் சம்பளத்தில் ஒரு பாகத்தைக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்திருக்கின்றது. கொரோனா வந்த 2020-ல் அந்தப் பாகம் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இவற்றில் ஒன்றாவது ஜெபத்தினாலோ, அர்ச்சனையினாலோ, தொழுகையினாலோ வருவதில்லை. மனு எழுதினால் வரும். மனுவும் போதாதென்றால் பலர் சேர்ந்து கேட்டால் வரும். கேட்காதவனுக்கு எந்த ஆண்டவனும் கொண்டுவந்து கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நிற்க, கஷ்ட காலத்தில் கடவுளை நம்பு என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிறவர்கள் தங்கள் கஷ்ட காலத்துக்கு எதை நம்புகிறார்கள் என்று பார்ப்போம். ஒரு தோல் ஷாப்பு முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த மதத்தவராகவாவது இருக்கட்டும். கட்டடத்துக்கு நெருப்பு இன்ஷ்யூரன்ஸ், கப்பலில் போகும் சரக்குக்குக் கப்பல் இன்ஷ்யூரன்ஸ், வெளிநாட்டான் பணம் கொடுக்காமல் போனால் அதற்கு ஒரு இன்ஷ்யூரன்ஸ், கேஸ் வந்தால் வக்கீல், நெஞ்சு வலித்தால் வேலூர் ஆஸ்பத்திரி, இரவுக்குக் காவல்காரன், காவல்காரனைக் கவனிக்க காமிரா. இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, கடைசியாகச் செலவு குறைந்த ஒரு காரியமாகக் கடவுளையும் நம்புகிறார். இதை நாம் தவறென்று சொல்லவில்லை. புத்திசாலித்தனம் என்றே சொல்லுகிறோம். ஆனால் அவரிடம் வேலை செய்கிற தொழிலாளிக்கு என்ன உபதேசம் செய்யப்படுகின்றது? இன்ஷ்யூரன்ஸ் இல்லை, வக்கீல் இல்லை, சங்கம் கூடாது, கடவுளை மாத்திரம் நம்பு என்று செய்யப்படுகின்றது. பணக்காரனுக்குக் கடவுள் பத்தோடு பதினொன்று. ஏழைக்குக் கடவுள் ஒன்றே ஒன்று. கடவுளை முழுதும் நம்பச் சொல்லுவது எப்போதும் கையில் வேறொன்றும் இல்லாதவனைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, கடவுள்களாவது தங்கள் ஆபத்துக் காலத்தில் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்களா என்று பார்த்தால் அதற்கும் வேலூரிலேயே சாட்சி இருக்கின்றது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் வெகு காலம் சாமி இல்லை. படையெடுப்புக் காலத்தில் சாமிக்கு ஆபத்து வரும் என்று எண்ணி லிங்கத்தை எடுத்து மறைத்துவிட்டார்கள் என்று பக்தர்களே சொல்லுகிறார்கள். பிறகு அது சத்துவாச்சாரியில் இருந்து, 1981-ம் வருஷத்தில்தான் மனிதர்கள் எடுத்துவந்து கோட்டைக் கோயிலில் மறுபடி வைத்தார்கள். இதில் நமக்கு யார் மீதும் கேலி இல்லை. ஆபத்து வந்தபோது சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மனிதன். ஆபத்து தீர்ந்த பிறகு கொண்டுவந்து வைத்தவனும் மனிதன். இடையில் கோயில் வெறுமையாக இருந்த காலத்தில் வேலூரில் மழை பெய்யாமல் இருந்ததா? பிள்ளைகள் பிறக்காமல் இருந்தார்களா? யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று பக்தர்களே யோசித்துச் சொல்லட்டும்.

இது பழங்கதை, இக்காலத்துக்கு ஆகாது என்பார்களானால் 2020-ம் வருஷத்தைப் பார்க்கட்டும். உலகத்துக்கு இவ்வளவு பெரிய கஷ்ட காலமும், நாளை என்ன ஆகுமென்று தெரியாத காலமும் நம் ஆயுளில் வந்ததில்லை. கடவுள் வேண்டியிருந்தால் அன்றைக்குத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு நடந்ததென்ன? மார்ச்சு மாதத்தில் திருப்பதியில் பக்தர்களை வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மெக்காவில் உம்ரா யாத்திரையை நிறுத்தினார்கள்; அந்த வருஷத்து ஹஜ்ஜும் பேருக்கு நடந்தது. ரோமாபுரியில் போப்பாண்டவர் ஆளில்லாத சதுக்கத்தில் நின்று மழையில் ஜெபம் செய்தார். மூன்று மதத்துக் கடவுள்களின் கதவும் ஒரே சமயத்தில் மூடப்பட்டது. திறந்திருந்தது ஆஸ்பத்திரி. ஓடிக்கொண்டிருந்தது ஆம்புலன்ஸ். முடிவில் ஊசி மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் லேபரட்டரியில் இருந்த ஆண்களும் பெண்களும். கோயிலை மூடினவர்களைக் குற்றம் சொல்லுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர்கள் செய்தது சரியான காரியம். கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்று டாக்டர் சொன்னதை நம்பினார்கள். கூட்டத்தைக் கடவுள் காப்பார் என்பதை நம்பவில்லை. அதாவது ஆபத்து உண்மையிலேயே வந்தவுடன் அர்ச்சகரும், முல்லாவும், பாதிரியும் நம் கட்சிக்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் நாம் சொல்லுவது. ஆபத்து போனவுடன் திரும்பிப் போய்விட்டது வேறு விஷயம்.

இனி, கஷ்ட காலம் எப்படி வருகின்றது என்கிற முக்கியமான சங்கதிக்கு வருவோம். கஷ்டத்தைக் கடவுள் தீர்ப்பார் என்கிற நம்பிக்கையில் உள்ள பெரிய கெடுதி அது தீராது என்பது மாத்திரமல்ல. கஷ்டத்தை உண்டாக்கினவன் யாரென்று பார்க்கவிடாமல் செய்வதேயாகும்.

பாலாற்றங்கரைக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. தென்னை காய் குறைந்தது. நெல் வயல் வெளுத்துப்போயிற்று. ஊற்றுத் தோண்டி வாயில் வைத்த தண்ணீர் உப்பாயிற்று. ஏன்? ஜனங்கள் செய்த பாவம் என்றார்கள் சிலர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத குறை என்றார்கள் சிலர். உண்மை என்ன? பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் அந்தத் தோலை ஊறவைக்கிறார்கள். ஊறின தண்ணீரோடு உப்பு அவ்வளவும் வெளியே போகின்றது. பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும். பதனிட முன்காலத்தில் ஆவாரம் பட்டை, பின்னால் குரோமியம் உப்பு. ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்து முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டுமென்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் சேருகின்றன என்றும் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இந்தத் தண்ணீர் சுத்தம் செய்யப்படாமல் வாய்க்காலிலும், தரிசிலும், ஆற்றிலும் விடப்பட்டது. பாலாறு வருஷத்தில் பல மாதங்கள் மேலே ஓடாமல் மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. மேலே விட்டது கீழே இறங்கிக் கிணறு கிணறாகப் போய்ச் சேர்ந்தது. இதில் பாவம் எங்கே இருக்கின்றது? அம்மன் எங்கே இருக்கிறாள்? உப்பு இருக்கின்றது, உப்பை விட்டவன் இருக்கிறான், விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகஸ்தன் இருக்கிறான்.

இப்படி ஆள் இருப்பதைக் கண்டுகொண்டவர்கள்தான் காரியம் செய்தார்கள். வேலூர் குடிமக்கள் நலப் பேரவையார் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலானவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப்படி சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதுமோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போயிற்று என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே அதற்குண்டான பணத்தைக் கட்டவேண்டும் என்கிற நியாயத்தையும், கெடுதி வரும் என்று சந்தேகம் தோன்றும்போதே தடுக்கவேண்டும் என்கிற நியாயத்தையும் இந்த நாட்டுச் சட்டமென்றே அது ஒப்புக்கொண்டது. ஷாப்பு ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. இன்று இந்தியாவில் எங்கே ஆறு கெட்டாலும் வக்கீல்கள் முதலில் எடுத்துச் சொல்லும் கேஸ் இந்த வேலூர்க் கேஸ்தான். இரண்டாவது நியாயத்தைச் சற்றுக் கவனியுங்கள். நிச்சயமாகத் தெரியாத காலத்தில் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அது ஒரு பதில். ஆண்டவன்மேல் போடு என்று அது சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாவிட்டால் எச்சரிக்கையாயிரு, முன்கூட்டியே தடு என்று சொல்லுகின்றது. ஆயிரம் வேதாந்தத்தைவிட இந்த ஒரு வாக்கியம் கிராமத்தானுக்குப் பிரயோசனப்படும்.

தீர்ப்புக் கிடைத்தவுடன் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நஷ்டத்தைக் கணக்கிட ஒரு அதிகாரியமைப்பு 1996-லேயே ஏற்பட்டு, 2001-ல் 29,000-க்கு மேற்பட்டவர்களுக்கு 26 கோடிக்கு மேற்பட்ட ரூபாய் என்று முடிவு செய்தது. அப்புறமும் இழுத்தது. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, பாக்கி இருக்கும் நஷ்ட ஈட்டைச் சர்க்கார் கொடுத்துவிட்டு அதைக் கெடுத்தவர்களிடம் வசூல் செய்துகொள்ளவேண்டும் என்றும், மேற்பார்வைக்கு ஒரு கமிட்டி வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கோர்ட்டுக்குப் போய் 34 வருஷம்! பார்த்தாயா, மனிதனை நம்பி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். மனிதனை நம்பி நடந்தது மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. கடவுளை நம்பி அந்தக் கிணறுகளில் ஒன்றாவது தித்தித்ததா என்று கேட்கின்றோம். மனித நியாயம் தாமதிக்கிறதென்றால் அதற்குப் பரிகாரம் இன்னும் அதிகம் பேர் சேர்ந்து இன்னும் சத்தமாகக் கேட்பதுதான்.

இதற்கிடையில் அதே வேலூருக்குப் பக்கத்தில் திருமலைக்கோடியில் 2007 ஆகஸ்டில் ஸ்ரீபுரம் பொற்கோயில் திறக்கப்பட்டது. சுமார் 1,500 கிலோ பொன் பதித்ததென்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். அன்றைய விலைக்கே அது நூறு கோடி ரூபாய்க்கு மேலாகும். கிணறு கெட்ட குடியானவர்கள் அத்தனை பேருக்கும் முடிவு செய்யப்பட்ட ஈடு 26 கோடிச் சொச்சம். அது வருஷக்கணக்காக இழுத்தது. லட்சுமிக்குப் போர்த்திய பொன்னுக்கு மட்டும் ஒரு கோர்ட்டும் வேண்டியிருக்கவில்லை. கஷ்ட காலத்தில் நம் ஜனங்களிடத்தில் பணம் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். இருக்கின்ற பணம் போகிற வழிதான் வேறு.

ராணிப்பேட்டைச் சங்கதி இதைவிடக் கொடியது. 2015 ஜனவரி 31-ந் தேதி விடியுமுன் அங்குள்ள சிட்கோ பேட்டையில் தோல் கழிவைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள்மேல் பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். பெண்டு பிள்ளைகளை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள் படுக்கும்போது தங்கள் தங்கள் கடவுளை நினைக்காமலா படுத்திருப்பார்கள்? தப்பினவன் ஒருவன் இருந்தால் அவனைக் கடவுள் காப்பாற்றினார் என்று ஊரெல்லாம் பேசும். சேற்றில் மூச்சடைத்துப் போன 10 பேரைக் குறித்துக் கடவுள் கணக்கில் எங்கே எழுதுவது? பிழைத்தவன் வாயால் மாத்திரம் சாட்சி வாங்கினால் எந்தக் கடவுளும் ஜெயித்துவிடுவார். செத்தவன் கோர்ட்டுக்கு வருவதில்லை. சுவர் உடைந்தது விதியினால் அல்ல. தாங்கக்கூடியதற்கு மேல் தேக்கினால் எந்தச் சுவரும் உடையும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆள் தூங்கக்கூடாது என்று சொல்ல ஒரு கடவுளும் வேண்டாம். ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் போதும்.

இத்தகைய காரியங்களுக்குச் சட்டத்தில்கூட 'கடவுள் செயல்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் யாரும் பொறுப்பில்லை, யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான். இது எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்பதற்கு ஓர் உதாரணம். 2020 ஆகஸ்டு 27-ந் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியபோது, மாகாணங்களுக்குச் சேரவேண்டிய ஈட்டுத்தொகையில் விழுந்த பள்ளத்துக்குக் காரணம் சொல்ல வந்த மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அவர்கள், கொரோனா கடவுள் செயல் என்றார். மாகாணங்கள் சும்மா இருக்கவில்லை. கடவுள் செயலோ, யார் செயலோ, சட்டப்படி சேரவேண்டியது சேரவேண்டும் என்று சத்தம் போட்டன. சில வாரங்களில் மத்திய சர்க்காரே கடன் வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. சர்க்காருக்கும் சர்க்காருக்கும் நடக்கும் கணக்கிலேயே கடவுள் இப்படி உபயோகப்படுகிறார் என்றால், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் கணக்கில் அவர் எவ்வளவு உபயோகப்படமாட்டார்! சேரவேண்டியதைக் கேட்பவனிடம் கடவுள் பேரைச் சொல்லும்போது, அங்கே பணம் யார் பையில் தங்குகின்றது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

வெள்ளத்தையாவது கடவுள் செயல் என்று விட்டுவிடலாமா என்றால், வாணியம்பாடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1903 நவம்பர் 12-ந் தேதி பாலாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்து 200 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அதற்கு அங்கே ஞாபகத் தூண் இருக்கின்றது. மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் அது. மேலே ஏரி உடைந்ததென்று கீழே இருக்கிறவனுக்குச் சொல்ல ஆளில்லை என்பதே அன்றைய கஷ்டம். 2021 நவம்பரிலும் பாலாறு கரை புரண்டது. ஆனால் இந்தத் தடவை மழை வருமுன் வானிலைக்காரர் சொன்னார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று அளந்து சொன்னார்கள். தாழ்ந்த இடத்தில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியிருந்தும் பேரணாம்பட்டில் மழையில் ஊறின வீடு இடிந்து குழந்தைகள் உள்பட 9 பேர் மாண்டார்கள். வானிலையை அளக்கத் தெரிந்த நாம் ஏழையின் வீட்டுச் சுவரை அளக்கவில்லை. 1903-க்கும் 2021-க்கும் நடுவில் கடவுளின் கருணை கூடவுமில்லை, குறையவுமில்லை. கூடினது மனிதனுடைய அறிவு. அது எங்கே போய்ச் சேரவில்லையோ அங்கே சாவு நின்றுகொண்டிருக்கின்றது.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும் என்பது நமக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்கிறீர்களே, அதைக் கட்டினது கடவுளை நம்பின மிஷனரி அம்மாள்தானே என்பார்கள். உண்மை. ஐடா ஸ்கடர் அம்மாள் கடவுள் நம்பிக்கையுள்ளவர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அவர் சரித்திரத்தையே பார்ப்போம். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று புருஷர்கள் வந்து, பிரசவத்தில் கஷ்டப்படும் தங்கள் பெண்சாதியைக் காப்பாற்ற வரும்படி கேட்டார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு ஜாதி இந்து. "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவர் வருவார்" என்றார் அவர். ஆண் பிள்ளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

அந்த மூன்று வீட்டிலும் அன்று இரவு கடவுளைக் கூப்பிடாமல் இருந்திருப்பார்களா? அந்த அம்மாளும் ஜெபம் செய்யாமல் தூங்கியிருப்பாரா? செத்தவர்களைக் கொன்றது கடவுள் இல்லாமையல்ல. வைத்தியம் படித்த ஒரு பெண் இல்லாமை. பெண்ணை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்கிற மதக் கட்டுப்பாடு. அந்த அம்மாளின் பெருமை எதிலிருக்கிறதென்றால், மறுநாள் முதல் இன்னும் அதிகமாக ஜெபம் செய்வதோடு அவர் நிற்கவில்லை என்பதில் இருக்கின்றது. அமெரிக்காவுக்குப் போய்க் கார்னெல் கலாசாலையில் 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்சுப் பள்ளிக்கூடம், 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் என்று ஏற்படுத்தினார். அவர் நெஞ்சில் கடவுள் இருந்திருக்கலாம். கையில் இருந்தது கத்தியும் மருந்தும். நெஞ்சில் இருந்தது அவர் சொந்த விஷயம். நோயாளியைப் பிழைக்கவைத்தது கையில் இருந்தது. கடவுளை நம்புகிறவர்கள் எல்லோரும் ஐடா அம்மாளைப்போல் மறுநாள் காலையில் படிக்கக் கிளம்புவார்களானால், நமக்கு அவர்களோடு சண்டையே இல்லை.

இன்னொரு ஆட்சேபணை: கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, கஷ்டத்தில் ஒரு ஆறுதல் வேண்டாமா என்பது. வேண்டும். புருஷனைச் சேற்றில் பறிகொடுத்த பெண்ணிடத்தில் போய்க் கடவுள் இல்லை என்று தர்க்கம் செய்கிறவன் பகுத்தறிவுக்காரனல்ல, முரடன். அழுகிறவர் எந்தப் பேரைச் சொல்லி அழுதாலும் நாம் கூட நிற்கவேண்டியதுதான். ஆனால் ஆறுதல் உண்மையில் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். ஜெபக் கூட்டத்துக்குப் போனால் மனம் லேசாகிறதென்கிறார்கள். அங்கே பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள், கண்ணீரைத் துடைக்கிறார்கள், வரும்போது அரிசி கொண்டுவருகிறார்கள். அது மனிதன் தந்த ஆறுதல். பேர் மட்டும் கடவுளுக்குப் போகின்றது. அந்த நாலு பேரும் அடுத்த வாரம் தொழிற்சங்க ஆபீசில் கூடினால் ஆறுதலும் இருக்கும், 165 நாள் சம்பளமும் இருக்கும்.

தோல் தொழில் செய்கிறவர்களுக்கு நாம் தனியாக ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. மற்ற ஜாதியாருக்குக் கஷ்ட காலம் என்பது வந்து போகிற ஒன்று. தோலைத் தொட்டவனுக்கு அது பரம்பரைச் சொத்தாகக் கொடுக்கப்பட்டது. கோயில் தவிலின்மேல் கட்டின தோல் சந்நிதி வரைக்கும் போயிற்று. அந்தத் தோலை உரித்துப் பதனிட்டவன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். செத்த மாட்டுத் தோலுக்கு இருந்த யோக்கியதை உயிருள்ள மனிதனுக்கு இல்லை. எத்தனை தலைமுறை அவன் வெளியே நின்று கும்பிட்டான்! கேட்ட கடவுள் கதவைத் திறந்தாரா? இல்லை. கிளர்ச்சியும் சட்டசபையும்தான் திறந்தன. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. கடவுளுடைய கதவைக்கூட மனிதன் போட்ட சட்டம்தான் திறக்கவேண்டியிருந்ததென்றால், உங்கள் வீட்டுக் கஷ்டத்தின் கதவை யார் திறப்பார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே, காலம் நிச்சயமில்லாதது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. வரி நாளைக்குக் குறையலாம், மறுநாள் ஏறலாம். மழை பொய்க்கலாம், கொட்டலாம். நிச்சயமில்லாததற்கு மருந்து நம்பிக்கை அல்ல, முன் ஏற்பாடு. உங்கள் பி.எப். கணக்கில் முதலாளி பணம் கட்டியிருக்கிறாரா என்று இந்த மாதமே பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கி வையுங்கள். இ.எஸ்.ஐ. கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காமல் கையில் எடுத்து என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிக் கணக்கு வாங்குங்கள். தெருவுக்கு ஒருவர் வீதம் சட்டம் படித்துச் சொல்லப் பழகுங்கள். பெண்கள் சங்கத்துக்கு வாருங்கள். ஷூ கம்பெனிகளில் பெண்கள் ஏராளமாக இருக்கும்போது சங்கத்தில் ஆண்கள் மட்டும் பேசுவது வெட்கக்கேடு.

பஸ் நிறுத்தத்தில் கண்ட அந்தத் தோழியரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் 11 வருஷம், 15 நாள், 165 நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். "இது எனக்குச் சேரவேண்டியதாண்ணா?" என்று இரண்டு முறை கேட்டார். அதை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. வேண்டிய அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுப்பாரேயானால் அதுவே போதும்.